வராத எதிரிக்கு விரித்த வலை

உடப்புக் கடற்கரையில் கரைவலை வளைப்பவர்களுக்கு ஒன்று நன்றாகத் தெரியும். வள்ளம் அரைவட்டமாகப் போய் வலையை இறக்கி, மறுபக்கக் கயிற்றைக் கரையில் கொண்டுவந்து கொடுத்துவிடும். அம்பா பாடி இரு பக்கமும் ஒரே சீராக இழுத்தால் வலை ஒழுங்காக வரும். ஆனால் மடி நிறைவது இழுப்பவர்கள் கையில் இல்லை. மீன் கூட்டம் அந்த அரைவட்டத்துக்குள் வந்திருக்க வேண்டும். அது வெளியே நின்றுவிட்டால் எத்தனை பேர் இழுத்தாலும் கயிறுதான் கரையேறும்.

அமெரிக்க உதைபந்தாட்டத்தில் ‘ஸ்கிரீன் பாஸ்’ என்று ஓர் உத்தி உண்டு. அதுவும் எதிராளி உள்ளே வந்தால் மட்டுமே பலிக்கும். நன்றாக ஓடக்கூடிய குவார்ட்டர்பேக் ஆடும் அணிகளில் இந்த உத்தி ஏன் அடிக்கடி சிக்கிக்கொள்கிறது என்று அந்நாட்டு இரசிகர்கள் நெடுநாளாகவே முணுமுணுத்து வருகிறார்கள். மேலோட்டமாகப் பார்த்தால் நேர்மாறாக அல்லவா இருக்கவேண்டும்? பந்தை எறியவும் தெரிந்து, தானே தூக்கிக்கொண்டு ஓடவும் தெரிந்த ஒருவரைக் கண்டால் எதிரணி இரண்டு மடங்கு குழம்ப வேண்டும். குழப்பத்தை நம்பியிருக்கும் உத்தியும் அவரிடம் இரண்டு மடங்கு பலிக்க வேண்டும். களத்தில் நடப்பது வேறு.

உதைபந்தாட்டம் ஊறிப்போன புத்தளத்து வாசகருக்கு இந்த ஆட்டம் சற்று அந்நியமாகத் தெரியலாம். இலங்கை இதை அறியாத நாடும் அல்ல. 2012இல் ‘எலீட் ஃபுட்போல் லீக் ஒஃப் இந்தியா’ தன் முதற் பருவத்தை ஆடியபோது ‘கொழும்பு லயன்ஸ்’ என்ற அணியும் அதில் இருந்தது. சிகாகோ அணியின் முன்னாள் பயிற்றுநர் மைக் டிட்கா, நடிகர் மார்க் வால்பேர்க் போன்றோர் அந்த லீக்கில் பணம் போட்டிருந்தார்கள். கிரிக்கெட்டும் ரக்பியும் உதைபந்தும் ஏற்கெனவே இடம் பிடித்துவிட்ட மண்ணில் அது வேர் பிடிக்கவில்லை. ஆகவே ஆட்டத்தின் எலும்புக்கூட்டை மட்டும் சொல்லிவிடுவது நல்லது.

அணிக்கு 11 பேர். பந்தை வைத்திருக்கும் அணிக்கு நான்கு வாய்ப்புகள். அவற்றுக்குள் 10 கஜம் முன்னேறினால் மறுபடி நான்கு வாய்ப்புகள். ஒவ்வொரு வாய்ப்பிலும் பந்து முதலில் குவார்ட்டர்பேக்கின் கைக்கு வரும். அவருக்கு முன்னால் ஐந்து பருத்த ‘லைன்மேன்’கள் சுவராக நிற்பார்கள். பந்தைப் பிடிக்க உரிமையில்லாத இவர்களுடைய வேலை, குவார்ட்டர்பேக்கை நோக்கிப் பாய்ந்து வரும் எதிரணியினரைத் தடுப்பது. அந்தச் சுவருக்குப் பின்னால் உருவாகும் சிறு பாதுகாப்பு வட்டத்துக்கு ‘பொக்கெட்’ என்று பெயர். முன்னோக்கிப் பந்தை எறிவது 1906இல்தான் விதிகளில் அனுமதிக்கப்பட்டது. அன்றிலிருந்து தாக்குபவர்களின் பெரிய கேள்வி, எறிவதற்குத் தேவையான இரண்டு மூன்று விநாடிகளை எப்படிச் சம்பாதிப்பது என்பதுதான்.

ஸ்கிரீன் பாஸ் அந்தக் கேள்வியையே தலைகீழாக்கியது. நேரத்தைச் சம்பாதிப்பதை விட்டுவிட்டு, எதிரியை வேண்டுமென்றே உள்ளே விடுகிறது. லைன்மேன்கள் ஓரிரு கணம் தடுப்பதுபோல நடிப்பார்கள். பிறகு தோற்றுப்போனதுபோல வழிவிடுவார்கள். பாய்ந்து வருபவர்களுக்கு எதிரே குவார்ட்டர்பேக் தனியாக நிற்பது தெரியும். அவர் பின்வாங்கிப் பின்வாங்கி அவர்களை இன்னும் உள்ளே இழுப்பார். அந்த இடைவெளியில், பக்கத்தில் தடுப்பு வேலை செய்வதுபோல நின்றிருந்த ‘ரன்னிங் பேக்’ ஒருவர் ஓசையின்றி ஓரமாக நழுவிவிடுவார். பாய்ந்தவர்களின் தலைக்கு மேலாகப் பந்து அவரிடம் போகும். வழிவிட்ட லைன்மேன்கள் அவருக்கு முன்னால் காவலாக ஓடுவார்கள். எதிரணியில் நான்கைந்து பேர் இப்போது பந்துக்குப் பின்னால், தவறான இடத்தில் நிற்கிறார்கள். மீந்திருக்கும் ஒல்லியான தடுப்பாளர்கள்மீது 140 கிலோ எடையுள்ள மூன்று பேர் மோதப்போகிறார்கள்.

இல்லினாய் பல்கலைக்கழகப் பயிற்றுநர் ரொபர்ட் ஸப்கேயின் பெயரோடு இந்த உத்தியைச் சேர்த்துச் சொல்வது வழக்கம். பிற்காலத்தில் பில் வோல்ஷ் போன்ற பயிற்றுநர்கள் குறுகிய தூர எறிதலையே ஓட்டத்துக்கு மாற்றாக வளர்த்தபோது ரன்னிங் பேக்கின் கைகளுக்குப் புது மதிப்பு வந்தது. 1985இல் அவருடைய சான் பிரான்சிஸ்கோ அணியின் ரொஜர் கிரேய்க், ஒரே பருவத்தில் ஓடி 1000 கஜம், பந்தைப் பிடித்து 1000 கஜம் என்ற இரட்டை எல்லையைத் தாண்டிய முதல் ஆட்டக்காரர் ஆனார். 1999இல் மார்ஷல் ஃபோக், 2019இல் கிறிஸ்டியன் மெக்கஃப்ரி என்று இன்றுவரை மூவர் மட்டுமே அதைச் செய்திருக்கிறார்கள்.

ஆக, இந்த உத்தியின் எரிபொருள் எதிரியின் அவசரம். அது இல்லாவிட்டால் லைன்மேன்களின் நடிப்பைப் பார்க்க ஆளில்லை. ஓடக்கூடிய குவார்ட்டர்பேக்கிடம் சிக்கல் தொடங்குவது இங்கேதான்.

2013 ஜனவரி 12ஆம் திகதி சான் பிரான்சிஸ்கோவில் நடந்த ‘பிளேஓஃப்’ எனப்படும் வெளியேற்றச் சுற்றுப் போட்டியைப் பல பயிற்றுநர்கள் மறக்கமாட்டார்கள். கிறீன் பே அணியின் தடுப்பாளர்கள் எதிரணியின் பந்து பிடிப்பவர்களை ஆளுக்கு ஆள் துரத்தினார்கள். அப்படித் துரத்தும்போது குவார்ட்டர்பேக்குக்கு முதுகு காட்ட வேண்டியிருக்கும். சான் பிரான்சிஸ்கோவின் குவார்ட்டர்பேக் கொலின் கப்பர்னிக் அந்த முதுகுகளைப் பார்த்துக்கொண்டே ஓடினார்: 181 கஜம். குவார்ட்டர்பேக் ஒருவர் ஒரே போட்டியில் ஓடிய தூரத்துக்கு அது சாதனை ஆனது. சான் பிரான்சிஸ்கோ 45–31 என்று வென்றது. 1990இல் பிலடெல்பியாவின் ரண்டல் கனிங்ஹம் ஒரு பருவத்தில் 942 கஜமும், 2006இல் அட்லாண்டாவின் மைக்கல் விக் 1,039 கஜமும் ஓடியபோதே ஓடும் குவார்ட்டர்பேக்குகள் மீதான பயம் தொடங்கியிருந்தது. 2019இல் பால்டிமோரின் லமார் ஜக்சன் 1,206 கஜம் ஓடியபோது அது அமெரிக்கத் தொழில்முறை லீக் முழுவதுக்கும் பாடமாகிவிட்டது.

பாடத்தின் சாரம் இது: இப்படிப்பட்டவரை நோக்கிக் கண்மூடிப் பாயாதே.

ஆகவே தடுப்பு முன்வரிசை தன் ஆட்டத்தை மாற்றிக்கொண்டது. ஓரத்தில் நிற்பவர் முன்பெல்லாம் லைன்மேனைச் சுற்றி வளைந்து குவார்ட்டர்பேக்கின் முதுகுப் பக்கம் போய்விடுவார். இப்போது குவார்ட்டர்பேக் நிற்கும் ஆழத்துக்கு மேல் ஓர் அடியும் வைப்பதில்லை, ஏனெனில் தாண்டிப் போனால் தான் விட்ட வெளியில் குவார்ட்டர்பேக் ஓடிவிடுவார். உள்ளே நிற்பவர்கள் லைன்மேனை விலக்கிக்கொண்டு முந்துவதில்லை. அவனைக் கையால் பிடித்துத் தள்ளியபடியே, தலையை நிமிர்த்திப் பந்தைப் பார்த்தபடி, மெல்ல மெல்ல வளையத்தை இறுக்குகிறார்கள். கிளித்தட்டு ஆடியவர்களுக்கு இது புதிதல்ல: தன் கோட்டை விட்டு நகராதவன்தான் நல்ல தடுப்பாளன். அந்த ஆட்டத்தில் விதி அதைக் கட்டாயமாக்குகிறது, இங்கே பயம் கட்டாயமாக்குகிறது.

இந்தத் தடுப்புக்கு எதிரே ஸ்கிரீன் பாஸைப் போட்டால் என்ன ஆகும்? லைன்மேன் வழிவிடுகிறார், எதிரி உள்ளே போகவில்லை. வழிவிட்டவர் ஓரமாக ஓடத் தொடங்கினால், தள்ளிக்கொண்டிருந்தவரும் கூடவே ஓடுகிறார். தலைக்கு மேலாக எறியவேண்டிய பந்தின் பாதையில் உயர்த்திய கைகள் நிற்கின்றன. பந்து ரன்னிங் பேக்கின் கைக்குப் போனாலும், பின்னால் விட்டுவிட்டதாக நினைத்த நான்கு பேரும் பின்னால் இல்லை, பக்கத்தில் நிற்கிறார்கள்.

அதைவிடப் பெரிய தலைவலி ‘ஸ்பை’ எனப்படும் ஒற்றன். முன்வரிசைக்குப் பின்னால் நிற்கும் ‘லைன்பேக்கர்’களில் வேகமான ஒருவருக்கு ஒரே வேலை கொடுக்கப்படும்: யாரையும் துரத்தாதே, எங்கும் பாயாதே, குவார்ட்டர்பேக் எங்கே நகர்கிறாரோ அங்கே நிழல்போல நகர். அவர் நிற்கும் இடத்தைக் களத்தின் வரைபடத்தில் குறித்துப் பார்த்தால் சிரிப்பு வரும். முன்வரிசைக்குச் சற்றுப் பின்னால், நடுவில். ரன்னிங் பேக் நழுவி வெளியே வரும் இடமும் அதற்கு அருகில்தான். ஸ்கிரீனைத் தடுக்க யாரும் அவரை அங்கே நிறுத்தவில்லை. ஓடும் குவார்ட்டர்பேக்குக்காக நிறுத்திய காவல், தன்னையறியாமலே ஸ்கிரீனின் வாசலையும் அடைத்துவிடுகிறது.

பின்வரிசையின் கதையும் இதுவே. கப்பர்னிக்கின் இரவுக்குப் பிறகு முதுகு காட்டும் ஆட்டத்தை அணிகள் தயங்கித் தயங்கித்தான் ஆடுகின்றன. அதற்குப் பதிலாக ஆளுக்கொரு பரப்பைப் பிரித்துக்கொண்டு எல்லாரும் குவார்ட்டர்பேக்கை நோக்கி நிற்கிறார்கள். ஏழு பேரின் கண்கள் அவர் கையிலேயே இருக்கும்போது, ஓரமாக மிதந்து போகும் மெதுவான பந்து யார் கண்ணுக்குத் தப்பும்?

கபடியோடு ஒப்பிட்டால் இந்தச் சிக்கலின் வேர் இன்னும் தெளிவாகிறது. கபடியில் பிடிகாரர்களின் சங்கிலியும் ஒரு பொறிதான். ரெய்டரை ஆழமாக உள்ளே வரவிட்டு, நடுக்கோட்டுக்குத் திரும்பும் வழியை மூடுவது. தஞ்சாவூர் மாவட்டத்திலிருந்து வந்து 2016இல் பட்னா பைரேட்ஸ் அணிக்குத் தலைமை தாங்கிப் புரோ கபடிக் கிண்ணத்தை வென்ற தர்மராஜ் சேரலாதன் போன்ற மூலைப் பிடிகாரர்களின் புகழ் முழுவதும் இந்தப் பொறுமையில் விளைந்தது. ஆனால் அவர்களுக்கு விதிகளே துணை நிற்கின்றன. ரெய்டர் ‘போக்’ கோட்டைத் தாண்டாமல் திரும்பினால் ஆட்டமிழப்பார். புரோ கபடியில் தொடர்ந்து இரண்டு ரெய்டுகள் வெறுமையாகப் போனால் மூன்றாவதில் புள்ளி எடுத்தே ஆகவேண்டும், இல்லாவிட்டால் வெளியே. வருபவன் வந்தே ஆகவேண்டும்.

அமெரிக்க ஆட்டத்தில் பாய்பவருக்கு அப்படி எந்தக் கட்டாயமும் இல்லை. அவர் நின்ற இடத்திலேயே நின்றாலும் நடுவர் விசில் ஊதமாட்டார். அவரை உள்ளே இழுப்பது அவருடைய ஆசை மட்டுமே. அசையாத குவார்ட்டர்பேக் அந்த ஆசையை மூட்டுகிறார். ஓடுபவர் அதன்மீது தண்ணீர் ஊற்றுகிறார்.

2019ஆம் ஆண்டின் இரண்டு அணிகளை அருகருகே வைத்துப் பார்க்கலாம். லொஸ் ஏஞ்சலிஸ் சார்ஜர்ஸ் அணியின் குவார்ட்டர்பேக் பிலிப் ரிவர்ஸ் அந்தத் தலைமுறையின் மிக மெதுவான கால்களுக்குச் சொந்தக்காரர். அவருடைய ரன்னிங் பேக் ஒஸ்டின் எக்லர் அந்தப் பருவத்தில் 92 பந்துகளைப் பிடித்தார். லமார் ஜக்சனின் பால்டிமோரில் முதன்மை ரன்னிங் பேக் மார்க் இங்க்ரம் பிடித்தவை 26. இந்த வித்தியாசம் முழுவதையும் ஸ்கிரீனின் கணக்கில் எழுதிவிடக் கூடாது. அந்த ஆண்டு 3,296 கஜம் ஓடி லீக் சாதனை படைத்த பால்டிமோருக்கு எறியவேண்டிய தேவையே குறைவு. தவிர, ஓடக்கூடியவர் நெருக்கடியில் ரன்னிங் பேக்குக்குப் பந்தைத் தள்ளிவிடுவதற்குப் பதில் தானே ஓடிவிடுவார். அந்தக் கடைசிக் காரணம்தான் கவனத்துக்குரியது. எதிரணியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தவர்கள் இப்போது குவார்ட்டர்பேக்கையே திரும்பிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

ஸ்கிரீன் கேட்பது ஒரு விசித்திரமான துணிவு. மூன்று பேர் தன்மேல் விழப்போவது தெரிந்தும் நேராகப் பின்வாங்கி, கடைசிக் கணத்தில் பந்தை மெதுவாக மிதக்கவிட்டு, அடியையும் வாங்கிக்கொள்ள வேண்டும். ரிவர்ஸ், டொம் பிரேடி, பேய்ட்டன் மானிங் போன்ற மெதுவான குவார்ட்டர்பேக்குகளுக்கு அதில் தயக்கமில்லை. தப்பி ஓடும் வழி அவர்களுக்கு எந்த நாளிலும் இருந்ததில்லை. ஓடக்கூடியவரின் உடம்போ வேறு விதமாகப் பழகியிருக்கிறது. எதிரி அருகே வந்தால் பக்கவாட்டில் நழுவு என்று சிறுவயதிலிருந்தே கற்றது. அவர் நழுவிய திசையில் ரன்னிங் பேக் இருந்தால் துரத்துபவர்களையும் அங்கேயே கூட்டிப்போகிறார். எதிர்த் திசையில் இருந்தால் எறியும் கோணம் கெட்டுப்போகிறது.

சிலர் உயரத்தைக் காரணம் சொல்வார்கள்: ஓடும் குவார்ட்டர்பேக்குகளில் குள்ளமானவர்கள் அதிகம், நெடிய ஆட்களின் தலைக்கு மேலாக எறிவது அவர்களுக்குக் கடினம் என்று. ஆனால் நியூ ஓர்லியன்ஸின் குவார்ட்டர்பேக் ட்ரூ பிறீஸ் ஆறடி மட்டுமே. ரன்னிங் பேக் டரன் ஸ்ப்ரோல்ஸுடனும் பிறகு அல்வின் கமாராவுடனும் அவர் ஸ்கிரீனை ஒரு கலையாகவே ஆடிக்காட்டினார். உயரம் அல்ல பிரச்சினை.

விதிப் புத்தகத்திலும் ஒரு கண்ணி இருக்கிறது. பந்து கையை விட்டுப் போகுமுன் லைன்மேன்கள் தொடக்கக் கோட்டைத் தாண்டி ஒரு கஜத்துக்கு மேல் போகக்கூடாது என்பது தொழில்முறை லீக்கின் விதி. கல்லூரி ஆட்டத்தில் கோட்டைத் தாண்டிப் போகும் எறிதல்களுக்கு மூன்று கஜம்வரை இடமுண்டு. லைன்மேன்கள் ஓடத் தொடங்குவது ஒரு மனக்கணக்கின்படி. குவார்ட்டர்பேக் அந்தக் கணக்கைத் தவறவிட்டு, ஓர் ஆளை ஏமாற்றி நழுவி, அரை விநாடி தாமதித்து எறிந்தால், முன்னே ஓடிவிட்டவர்கள் விதியை மீறியவர்கள் ஆகிவிடுவார்கள். தண்டனை ஐந்து கஜம். நேரம் தவறாத சாதாரணக் கரங்கள் இங்கே அற்புதக் கால்களைவிட மதிப்பு மிக்கவை.

2019 ஜனவரி 6ஆம் திகதி பால்டிமோரில் நடந்த பிளேஓஃப் போட்டி இந்தத் தடுப்பு முறையின் செய்முறை விளக்கம் போலிருந்தது. சார்ஜர்ஸின் தடுப்புப் பயிற்றுநர் கஸ் பிராட்லி, கனமான லைன்பேக்கர்களை வெளியே உட்காரவைத்துவிட்டுப் பின்வரிசை ஆட்டக்காரர்கள் ஏழு பேரைக் களமிறக்கினார். வழக்கமாக நான்கு அல்லது ஐந்து பேர்தான் இருப்பார்கள். ஒல்லியானவர்கள், ஆனால் வேகமானவர்கள். எந்தத் திசையில் பந்து போனாலும் ஓடிப் பிடிப்பவர்கள். ஜக்சன் 54 கஜத்தோடு நிறுத்தப்பட்டார். சார்ஜர்ஸ் 23–17 என்று வென்றது.

நேரெதிரான முயற்சியும் உண்டு. 2021 நவம்பர் 11 இரவு மயாமி அணி, இந்தப் பாடத்தையெல்லாம் தூக்கி எறிந்துவிட்டு, பின்வரிசையினரையும் சேர்த்து ஜக்சன்மீது மறுபடி மறுபடி ஏவியது. பின்னால் காவலுக்கு யாருமே இல்லை. ஸ்கிரீனுக்கு இதைவிடப் பொருத்தமான எதிரி கிடைக்கமாட்டான். ஆனால் பால்டிமோரால் அந்தப் பாய்ச்சலுக்கு விலை வைக்க முடியவில்லை. 22–10 என்று தோற்றது. இங்கே ஒரு சுழல் தெரிகிறது. எதிரணிகள் பாய்வதில்லை என்பதால் அணி ஸ்கிரீனை அதிகம் ஆடுவதில்லை. அதிகம் ஆடாததால் அது கூர்மை இழக்கிறது. ஒருநாள் யாராவது பாயத் துணிந்தால் கையில் துருப்பிடித்த கத்திதான் மிஞ்சுகிறது.

அப்படியானால் பிலடெல்பியாவின் குவார்ட்டர்பேக் டொனொவன் மக்னப்பை என்ன செய்வது? 2000இல் 629 கஜம் ஓடியவர். அவரும் ரன்னிங் பேக் பிரையன் வெஸ்ட்புரூக்கும் ஆடிய ஸ்கிரீன்கள் இன்றும் பயிற்சிப் பாடம். விடையின் ஒரு பகுதி ஆண்டுகளில் இருக்கிறது. 2007இல் வெஸ்ட்புரூக் 90 பந்துகளைப் பிடித்து, ஓட்டமும் பிடிப்புமாக 2,104 கஜம் எடுத்து லீக்கில் முதலிடம் பிடித்தபோது, காயங்களைக் கடந்துவந்த மக்னப் பழைய ஓட்டக்காரராக இல்லை. மறு பகுதி பயிற்றுநர் அண்டி றீடிடம் இருக்கிறது. ஸ்கிரீனை நெருக்கடியில் எடுக்கும் மருந்தாக அல்லாமல் அன்றாடச் சோறாக ஆடவைத்தவர் அவர். கன்சஸ் சிற்றியில் பற்றிக் மஹோம்ஸோடும் அதையே தொடர்ந்தார். மஹோம்ஸ் நன்றாக ஓடுவார், ஆனால் எறிவதற்காக ஓடுபவர். எதிரணிகள் அவருடைய கைக்குத்தான் முதலில் அஞ்சுகின்றன.

வேறு சிலர் உத்தியின் உடலையே மாற்றிவிட்டார்கள். எதிரி உள்ளே வரும்வரை காத்திருக்கும் மெதுவான ஸ்கிரீனைக் கைவிட்டு, பந்து கைக்கு வந்த கணமே ஓரத்தில் நிற்பவருக்குப் பக்கவாட்டில் எறிந்துவிடுவது ஒரு வழி. அதையும் ஓட்டத்தையும் ஒரே ஆட்டத்தில் இணைத்து, எதிரணியில் ஒரே ஒருவரின் அசைவைப் பார்த்துக் குவார்ட்டர்பேக் முடிவெடுப்பார். ஜேலன் ஹேர்ட்ஸின் பிலடெல்பியா 2022 பருவத்தில் இந்த முறையில் செழித்து, இறுதிப் போட்டிவரை போனது. இங்கே எதிரியின் பாய்ச்சல் தேவையில்லை. குவார்ட்டர்பேக்கின் காலுக்கு அஞ்சி அவன் நின்ற இடத்தில் உறைந்தாலே போதும். மெதுவான ஸ்கிரீனைக் கொன்ற அதே பயம், விரைவான ஸ்கிரீனுக்குத் தீனியாகிறது. இன்னொரு வழி, குவார்ட்டர்பேக் ஒரு பக்கம் ஓடுவதுபோல் போய், ஒற்றனையும் வளையத்தையும் கூடவே இழுத்துக்கொண்டு, சட்டென்று மறுபக்கம் காத்திருக்கும் ஆளுக்கு எறிவது. ஓட்டக்காரரிடம் தூண்டில் இரையாக வைக்கவேண்டியது அவருடைய நிராதரவான தோற்றத்தை அல்ல, அவருடைய ஓட்டத்தையே என்று இந்தப் பயிற்றுநர்கள் கண்டுகொண்டார்கள். தங்கள் குவார்ட்டர்பேக் யார் என்பதையே பாராமல், பழைய ஏட்டில் உள்ள ஸ்கிரீனை அப்படியே ஆடவைப்பவர்கள்தான் இன்னும் மூக்குடைபடுகிறார்கள்.

2025 பெப்ரவரி 9ஆம் திகதி நியூ ஓர்லியன்ஸில் நடந்த சுப்பர் போல் இறுதிப் போட்டியில் றீடின் கன்சஸ் சிற்றியை எதிர்கொண்டது அதே பிலடெல்பியா. தடுப்புப் பயிற்றுநர் விக் ஃபாஞ்சியோ போட்டி முழுவதிலும் முன்வரிசை நால்வருக்கு மேல் கூடுதலாக ஒருவரைக்கூட மஹோம்ஸ்மீது ஏவவில்லை. அந்த நால்வரும் பொறுமையாக வளையத்தை இறுக்கி அவரை ஆறு முறை வீழ்த்தினார்கள். மற்ற ஏழு பேரும் பின்னால் நின்று அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். லீக்கின் தலைசிறந்த ஸ்கிரீன் ஆசிரியரின் அணி இடைவேளையின்போது 24–0 என்று பின்தங்கியிருந்தது; இறுதியில் 40–22 என்று தோற்றது.